டீச்சரின் கண் போகும் திசை

நான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறையில் டீச்சர் எந்தப் பக்கம் முகம் வைத்து உட்காருகிறாரோ, அதைப் பொறுத்தே அன்றைக்கு யார் சமத்து, யார் முரடு என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நியூ ஜெர்சியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு ப்ரீஸ்கூலில் வேலை பார்க்கிறேன். 15 பிள்ளைகள், நான், ஓர் உதவி ஆசிரியை. இந்த 15 என்ற கணக்குக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. ஏழை நகரங்களின் பிள்ளைகளுக்கு மாநிலம் சமமான கல்வி தரவில்லை என்று தொடுக்கப்பட்ட ஆபட் வழக்கில், அந்த நகரங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கெல்லாம் ப்ரீஸ்கூல் நடத்த வேண்டும் என்று 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் ஒரு வகுப்பில் 15 பேருக்கு மேல் கூடாது என்ற விதி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 20 பேர் வரை வைத்துக்கொண்டு திண்டாடும் டீச்சர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நியாயம்தான்.

ஆனால் 15 பேரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண் எனக்கும் இல்லை. நான் உட்காருவது சக்கரம் வைத்த ஒரு குட்டை ஸ்டூலில். மரக்கட்டைகள் அடுக்கும் பிளாக் ஏரியாவைப் பார்த்து உட்கார்ந்தால், எதிர் மூலையில் பொம்மை அடுப்பும் தொட்டிலும் இருக்கும் ஹவுஸ் ஏரியாவில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று தெரியாது. அங்கே திரும்பினால், தண்ணீர்த் தொட்டியருகே யார் சட்டையை யார் நனைத்தது என்று தெரியாது. அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பும்போது கண்ணில் படுவது எப்போதும் இரண்டாவது அடிதான். முதல் அடி அதற்குள் முடிந்து, அடித்த கை பொம்மைச் சட்டியில் கரண்டி போட்டுக் கிண்டிக்கொண்டிருக்கும்.

யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்தில் வால்ட்டர் கில்லியம் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி பேசுவோம். ப்ரீஸ்கூல் ஆசிரியர்கள் கூடும் பெரிய மாநாடு ஒன்றில் 130க்கும் மேற்பட்டவர்களை ஒரு திரையின் முன் உட்கார வைத்தார்கள். வீடியோவில் நான்கு குழந்தைகள்: ஒரு கறுப்பினச் சிறுவன், ஒரு கறுப்பினச் சிறுமி, ஒரு வெள்ளைச் சிறுவன், ஒரு வெள்ளைச் சிறுமி. சேட்டை ஏதாவது நடப்பதாகவோ தொடங்கப் போவதாகவோ தோன்றினால் பட்டனை அழுத்த வேண்டும். உண்மையில் அந்த வீடியோவில் சேட்டையே கிடையாது. குழந்தைகள் நடிக்க வந்தவர்கள். பார்ப்பவர்களின் கண்மணி எங்கே போகிறது என்பதை மட்டும் ஒரு கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. கண்கள் அதிக நேரம் நின்றது கறுப்பினச் சிறுவன் மேல். பிறகு வாய்விட்டுக் கேட்டபோதும் 42 சதவீதம் பேர் அவனைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது என்றார்கள். வெள்ளைச் சிறுவனைச் சொன்னவர்கள் 34 சதவீதம். இது வெள்ளை ஆசிரியர்களின் கண் மட்டும் என்று நினைத்தால் தவறு. கறுப்பின ஆசிரியர்களின் கண்ணும் அங்கேதான் போனது.

இந்த ஆய்வைப் படித்துவிட்டு 'அப்படியானால் டீச்சர்கள் எல்லாரும் இனவெறியர்களா' என்று கோபப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவாக ருசியில்லை. எனக்குப் பட்டது ஒரு சாதாரணக் கணக்கு. ஒரு காலைப் பொழுதில் இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு நான்கு தடவை அடுத்தவரைத் தள்ளிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் மேல் டீச்சரின் கண் எப்போதும் இருக்கிறது. அவன் தள்ளிய நான்கும் பதிவாகிறது. இன்னொருவன் தள்ளியதில் ஒன்றுதான் கண்ணில் படுகிறது. சாயங்காலம் நோட்டைப் புரட்டினால் முதல் பிள்ளை நான்கு மடங்கு முரடன். யாரும் பொய் எழுதவில்லை. எழுதியது அத்தனையும் நடந்ததுதான். அடுத்த நாள் கண் இன்னும் கொஞ்சம் அதிகமாக அவன் பக்கம் போகும், ஏனென்றால் இப்போது கையில் 'ஆதாரம்' இருக்கிறது.

நாடு முழுவதும் இப்படிச் சேர்ந்த நோட்டுகளின் கூட்டுத்தொகை என்னவென்று முதலில் எண்ணிச் சொன்னவரும் கில்லியம்தான். 2005இல் அவர் 40 மாநிலங்களின் அரசு ப்ரீஸ்கூல்களில் கிட்டத்தட்ட 4,000 வகுப்புகளை ஆராய்ந்தார். ஆயிரம் பிள்ளைகளுக்கு 6.67 பேர் பள்ளியை விட்டே நீக்கப்பட்டிருந்தார்கள். மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை சேர்த்துப் பார்த்தால் அதே கணக்கு 2.09தான். பெரிய வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளைவிட, ப்ரீஸ்கூல் குழந்தைகள் மூன்று மடங்கு அதிகமாக வெளியே அனுப்பப்பட்டார்கள். அதிலும் ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளைப்போல் நான்கரை மடங்கு. கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையினக் குழந்தைகளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆசியக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கும் மேல்.

அந்தக் கடைசி எண்ணை நம்மவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "நம்ம பிள்ளைங்க அடக்கமா இருக்கும், அதான் டீச்சர்ஸ்க்குப் பிடிக்குது." அடக்கமா! என் வகுப்பில் இருந்த தமிழ், தெலுங்கு, குஜராத்திப் பிள்ளைகள் கடித்ததும் கிள்ளியதும் எனக்குத் தெரியும். அவர்கள் கடித்தால் 'மொழி புரியாத எரிச்சல்' என்றும், 'வீட்டில் தம்பி பிறந்திருக்கிறான்' என்றும் உடனே ஒரு காரணம் கிடைத்துவிடும். காரணம் தேடித் தருவது நல்ல பழக்கம்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைப்பதில்லை என்பதுதான் சங்கடம். வீடு வாங்கும்போது 'அந்த ஏரியா ஸ்கூல்ல எந்த மாதிரிப் பசங்க' என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் நமக்கு, தோல் நிறத்தைப் பற்றி அமெரிக்கா வந்துதான் கற்றுக்கொண்டோம் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

2014 மார்ச்சில் மத்தியக் கல்வித் துறை முதன்முறையாக ப்ரீஸ்கூல் சஸ்பென்ஷன் கணக்கை வெளியிட்டது. 2011-12 கல்வியாண்டில் அரசு ப்ரீஸ்கூல் பிள்ளைகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 சதவீதம். ஒரு தடவைக்கு மேல் சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர்கள் 48 சதவீதம். அந்த வருடம் ஜூலையில் ஒமாஹா நகரத்துக் கறுப்பினத் தாய் ஒருவர் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதினார். அவருடைய இரண்டு சின்னப் பையன்களும் மாறி மாறி சஸ்பெண்ட் ஆகிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள்மேல்தான் ஏதோ கோளாறு என்று நம்பியிருந்தார். வகுப்புத் தோழன் ஒருவனின் பிறந்தநாள் விருந்துக்குப் போன இடத்தில் மற்ற அம்மாக்கள், வெள்ளையினத்தவர், தங்கள் பிள்ளைகளின் அட்டகாசங்களைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஒரு பையன் எறிந்த பொருள் பட்டு இன்னொரு குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு வந்தது ஒரு போன்கால் மட்டும். இவருடைய மகன் எறிந்த நாற்காலி யார் மேலும் படவில்லை, ஆனால் சஸ்பென்ஷன். அந்த விருந்து நடந்திருக்காவிட்டால் அவருக்கு இது தெரிய வழியே இல்லை. பள்ளிகள் பெற்றோருக்கு அவரவர் பிள்ளையின் நோட்டை மட்டும்தானே காட்டுகின்றன.

இதில் ஒரு வரலாற்று விசித்திரம் உண்டு. ப்ரீஸ்கூலுக்கு அரசு பணம் செலவழிக்கலாம், போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்று இந்த நாட்டில் யார் பேசினாலும் முதலில் காட்டும் ஆதாரம் மிச்சிகன் மாநிலத்து யிப்சிலாண்டி நகரில் 1962இல் தொடங்கிய பெர்ரி ப்ரீஸ்கூல் ஆய்வு. அதில் இருந்த 123 குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகள். 58 பேருக்கு ப்ரீஸ்கூல், 65 பேருக்கு இல்லை. 40 வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து முறை அல்லது அதற்கு மேல் கைதானவர்கள் ப்ரீஸ்கூல் போனவர்களில் 36 சதவீதம், போகாதவர்களில் 55 சதவீதம். எங்கள் வேலைக்குச் சம்பளம் வருவதே அந்த 58 குழந்தைகளின் தயவில்தான். அவர்களை ஒத்த பிள்ளைகளைத்தான் இப்போது முதலில் வெளியே அனுப்புகிறோம்.

பெர்ரியில் 20, 25 குழந்தைகளுக்கு நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள். எல்லா ஊர்களுக்கும் பரவியபோது பாடத்திட்டம் வந்தது, படிக்கட்டு ஏறிப்போன அந்த ஒன்றரை மணி நேரம் வரவில்லை. கில்லியம் 2016இல் செய்த இன்னொரு சோதனையோடு சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். ஒரு பிள்ளையின் சேட்டையைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் கூடவே அவன் வீட்டுக் கஷ்டத்தையும் சொன்னார்கள். டீச்சரும் பிள்ளையும் ஒரே இனமாக இருந்தால் கஷ்டத்தைக் கேட்டதும் மனம் இளகியது. வெவ்வேறு இனமாக இருந்தால் சேட்டை இன்னும் கடுமையானதாகத் தோன்றியது. 'இந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையை என்னால் என்ன செய்ய முடியும்' என்ற கைவிரிப்பு. தாளில் படிக்கும் கஷ்டம் பிள்ளைக்கு எதிராகவே வேலை செய்யலாம். சமையலறையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது தெரியவரும் கஷ்டம் அப்படிச் செய்வதில்லை என்பது என் அனுபவம். ஏனென்றால் அங்கே கஷ்டம் மட்டும் தெரிவதில்லை. யார் அவனுக்குத் தலைவாரிவிடுகிறார், எந்தத் தாத்தாவோடு மீன்பிடிக்கப் போகிறான் என்பதெல்லாமும் தெரிகிறது.

அதே ஆய்வில் வேறொன்றும் வந்தது. ஒரே சேட்டையை வெள்ளை ஆசிரியர்கள் கறுப்பினப் பிள்ளை செய்ததாகப் படித்தபோது குறைவாக மதிப்பிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 'அவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியுமா' என்ற நினைப்பின் விளைவாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரியும். நம் ஊரில் இதற்கு 'ஐயோ, பாவம்' என்று பெயர். பாவம் பார்த்த பிள்ளைக்குக் கையெழுத்தும் எண்ணும் சொல்லித்தர யாரும் மெனக்கெடுவதில்லை.

மாறாக, கறுப்பின ஆசிரியர்கள் கறுப்பினப் பிள்ளைகளிடம் கூடுதல் கண்டிப்பு காட்டினார்கள். இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் வகுப்பின் உதவி ஆசிரியை. கறுப்பினத்தவர், பாட்டி, நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பிருந்தே இங்கே பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருப்பவர். அவருடைய கையில் படுத்தால் மதியத் தூக்கம் வராத பிள்ளை கிடையாது. ஆனால் ஒரு கறுப்பினப் பையன் எல் வடிவக் கட்டையைத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்தால் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் அவர் குரல் பாயும். மற்ற பையன்கள் அதையே செய்தால் "என்னடா செய்றே" என்பதோடு முடியும்.

ஒரு நாள் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் இதைக் கேட்டேன். கோபப்படவில்லை. "டமீர் ரைஸ் என்ன வயசு தெரியுமா?" என்றார். தெரியும். 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் ஒரு பார்க்கில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த கறுப்பினச் சிறுவன். போலீஸ் கார் வந்து நின்ற சில நொடிகளில் சுடப்பட்டான். வயது 12. "இவனுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள இந்தக் கை இப்படி நீளக் கூடாதுன்னு உடம்புக்கே தெரிஞ்சிருக்கணும். நீ வேணும்னா மெதுவாச் சொல்லு. நான் கத்துவேன்."

நான் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆய்வு அவரை 'கூடுதல் கண்டிப்பு' என்ற கட்டத்தில் போடும். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது பயம், அதற்கடியில் பாசம். ஆனாலும் அந்தப் பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நாளில் அவன் காதில் விழும் 'கூடாது'களின் எண்ணிக்கை மற்றவர்களைவிட அதிகம். மற்ற 14 பேரும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யார் கெட்ட பையன் என்பதைப் பிள்ளைகள் எங்கள் குரலிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். கொஞ்ச நாளில் பால் கொட்டினாலே, பார்க்காமலே, அவன் பெயரைச் சொல்வார்கள். அவன் அன்றைக்கு லீவாக இருந்தாலும் சொல்வார்கள்! இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு: வகுப்பில் யாருக்கும் துப்பாக்கி விளையாட்டு இல்லை, யார் பிடித்தாலும் ஒரே சொல், ஒரே சத்தம். அவர் முழுமனதாக ஒத்துக்கொள்ளவில்லை. நானும் அவர் பயத்தைத் தவறென்று சொல்லவில்லை.

இனி, அன்றாட வேலைக்கு வருகிறேன். எங்கள் அறையில் சண்டைகள் எப்போது நடக்கின்றன என்று குறித்துக்கொண்டே வந்தால், விளையாட்டு நேரத்தில் அவை குறைவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரங்களில்தான் கூட்டம் கூட்டமாக வரும். கிளீன்-அப் சொன்னவுடன், கைகழுவ வரிசையில் நிற்கும்போது, வெளியே போகக் கோட்டு போடும்போது. நான்கு வயதுக் குழந்தைக்கு வரிசையில் சும்மா நிற்பது உலகத்திலேயே கஷ்டமான வேலை. 15 பேரை ஒரு குழாய் முன் நிறுத்திவிட்டு அடித்துக்கொள்கிறார்கள் என்று புலம்பினால் அது எங்கள் ஏற்பாட்டின் கோளாறு. மூன்று மூன்று பேராக அனுப்பினால், மிச்சப் பேர் பாயில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், பாதிச் சண்டை பிறப்பதே இல்லை.

ஒரு வருடம் எங்களிடம் ஒரு பையன் இருந்தான். அவனைக் கட்டடக்காரன் என்று சொல்கிறேன். காலை முழுக்கப் பிளாக் ஏரியாவில் பாலம் கட்டுவான். ரேம்ப் வைத்து, தூண் வைத்து, கார் கீழே போகிற மாதிரி. கறுப்பினப் பையன், வயதுக்கு மிஞ்சிய உயரம். புதிதாக வரும் பெரியவர்கள் எல்லாரும் அவனை ஆறு வயது என்று நினைப்பார்கள், ஆறு வயதுக்குரிய பொறுமையையும் எதிர்பார்ப்பார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மையம் 2017இல் கறுப்பினச் சிறுமிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் இதுதான்: ஐந்து வயதிலேயே அவர்களைப் பெரியவர்கள் வயதுக்கு மீறியவர்களாகவும், பாதுகாப்பும் ஆறுதலும் குறைவாகத் தேவைப்படுபவர்களாகவும் பார்க்கிறார்கள். அதனால் எங்கள் குறிப்புத் தாளில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வயதை மாதத்தோடு எழுதி வைப்பேன். நான்கு வருடம் இரண்டு மாதம். கோபம் வரும் நேரத்தில் அந்த இரண்டு மாதத்தைப் பார்த்தால் போதும்.

கட்டடக்காரன் கிளீன்-அப் மணி அடித்ததும் கட்டையை எறிவான். கட்டிய பாலத்தை உடைத்துப் பெட்டியில் போடு என்றால் யாருக்குத்தான் வலிக்காது? நடந்ததை எழுதும் தாளில் 'வன்முறையாக நடந்துகொண்டான்' என்று ஒரு வரி போதும், அடுத்த வருட டீச்சர் வரை அது கூடவே போகும். எங்களிடம் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறோம்: அந்தத் தாளில் கை, கால், பொருள், தூரம், நேரம் மட்டும். 'மணி அடித்ததும், கட்டைவிரல் அளவுக் கட்டையை எறிந்தான். யாரும் பக்கத்தில் இல்லை. அலமாரியில் பட்டது. முன்னறிவிப்பு கொடுக்கப்படவில்லை.' இப்படி எழுதினால் பாதி விடை தாளிலேயே இருக்கும். முன்னதாகப் பத்து நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று அவன் அருகில் போய், தோளைத் தொட்டுச் சொல்ல ஆரம்பித்தோம். முடியாத கட்டடத்துக்கு மேல் 'வேலை நடக்கிறது' என்று ஒரு அட்டை வைத்து மதியம் வரை காப்பாற்றலாம் என்றோம். எறிவது ஒரே நாளில் நின்றுவிடவில்லை. குறைந்தது. குறைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதால் அதையும் தாளில் எழுதினோம்.

பெயர்கள் எழுதிய இன்னொரு தாளும் உண்டு. ஒரு வாரம் நான் பேசுவதை உதவி ஆசிரியை குறிப்பார், அடுத்த வாரம் அவர் பேசுவதை நான். யார் பெயரை எத்தனை தடவை, எதற்குக் கூப்பிட்டோம்: நிறுத்தச் சொல்லவா, பாராட்டவா, சும்மா பேசவா. எந்த வகுப்பில் எண்ணிப் பார்த்தாலும் 'நிறுத்து' பத்தியில் இரண்டு மூன்று பெயர்களே முட்டிக்கொண்டு நிற்கும். 'சும்மா பேச' பத்தியில் அதே பெயர்கள் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தை நிரப்புவதுதான் அடுத்த வாரத்து வேலை. பிரச்சினை எதுவும் இல்லாதபோது அவன் பக்கத்தில் ஸ்டூலை உருட்டிப்போய், பாலத்துக்கு அடியில் எத்தனை கார் போகும் என்று கேட்பது. நாங்கள் பின்பற்றும் பிரமிட் மாடல் என்ற முறையில் இதற்குப் படிவமே இருக்கிறது; சேட்டைப் பதிவுகளை இனவாரியாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் கணக்கு இருக்கிறது. அதே முறையில் கோபம் வந்தால் ஓட்டுக்குள் போய் மூன்று மூச்சு விடும் ஓர் ஆமைப் பொம்மையும் வரும். அடக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவரும் ஆமையைத்தான் கூப்பிட்டார் என்று நான் சொன்னபோது, "உங்க ஊர்ல ஐடியாவுக்குக் காசு கேக்கலையா?" என்றார் உதவி ஆசிரியை.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது. நடத்தைச் சிக்கல்களுக்கென்று மாவட்டத்திலிருந்து வரும் ஒரு நிபுணர் எங்களுக்கு உண்டு. பிள்ளையைப் 'பரிசோதிக்க' வருவதில்லை. அறையில் ஓரமாக உட்கார்ந்து எங்களைத்தான் பார்ப்பார். 2005 ஆய்விலேயே இது இருந்தது. இப்படி ஒருவரோடு தொடர்ந்து பேசும் வாய்ப்பு இருந்த ஆசிரியர்கள் பிள்ளைகளை நீக்கியது, அந்த வாய்ப்பே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டப் பாதிதான். பிள்ளைகள் அதிகமாக அடைக்கப்பட்ட வகுப்புகளில், நீண்ட நேரம் நடக்கும் வகுப்புகளில், டீச்சர் நொந்துபோயிருக்கும் வகுப்புகளில் நீக்கம் கூடியது. டீச்சரின் மனச்சாய்வைப் பற்றி ஒரு நாள் பயிற்சி வைத்துவிட்டு, சம்பளத்தையும் ஆள் பற்றாக்குறையையும் அப்படியே விட்டுவிடும் நிர்வாகங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். களைத்த கண் பழகிய இடத்துக்குத்தான் போகும்.

சட்டங்கள் வந்துவிட்டன. 2014 டிசம்பரில் மத்திய அரசின் கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளை நீக்குவதை நிறுத்துங்கள் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டன. 2016இல், ஏழைக் குழந்தைகளுக்கு மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் திட்டத்தின் விதிகள் நடத்தைக்காகப் பிள்ளையை நீக்குவதைத் தடை செய்தன. அதே ஆண்டு நியூ ஜெர்சியும் பள்ளி மாவட்டங்களின் ப்ரீஸ்கூல்களில் சஸ்பென்ஷனையும் நீக்கத்தையும் ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. இல்லினாய் மாநிலச் சட்டம் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆனால் 2017-18 கல்வியாண்டின் தேசியக் கணக்கில் கறுப்பினக் குழந்தைகள் 18.2 சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்களில் 43.3 சதவீதம். இதுவும் கணக்கில் வந்தது மட்டும்தான்.

கணக்கில் வராதது போனில் நடக்கிறது. "இன்னிக்கு அவனுக்கு நாள் சரியில்ல, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" இதற்குப் படிவம் கிடையாது. கிடங்கில் மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் அம்மா பாதி ஷிஃப்டில் கிளம்பி வருவார். அடுத்த வாரம் மறுபடி ஒரு போன். பிறகு "அரை நாள் மட்டும் அனுப்பிப் பாருங்களேன்". பிறகு "எங்க இடம் அவனுக்குப் பொருத்தமா இருக்கான்னு யோசிங்க". ஒரு மாதத்தில் அம்மாவே பிள்ளையை நிறுத்திவிடுவார். பதிவேட்டில் 'பெற்றோர் விருப்பம்' என்று இருக்கும். யாரும் யாரையும் நீக்கவில்லை. சட்டம் பார்க்க முடியாத இந்த இடத்தைப் பார்க்கக்கூடியவர் போனை எடுக்கும் டீச்சர் மட்டும்தான். எங்கள் வகுப்பிலிருந்து போகும் இந்த மாதிரிப் போன்களைத் தேதி, நேரம், காரணத்தோடு நான் தனியாக எழுதி வைக்கிறேன். ஜுரம், வாந்தி ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம். செப்டம்பர் முடிவதற்குள் 15 வீடுகளுக்கும் நல்ல சேதி ஒன்றைச் சொல்ல ஒரு போன் போட்டுவிடுவேன். கட்டடக்காரனின் அம்மா அந்த முதல் போனை எடுத்தவுடன் கேட்டது: "இப்பவே வரணுமா?" இல்லை, பாலம் கட்டியிருக்கிறான், போட்டோ அனுப்புகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, போன வருடம் வேறொரு இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினார்.

ஜூன் மாதம் பிள்ளைகளை மழலையர் வகுப்புக்கு அனுப்பும்போது அந்த வகுப்பு டீச்சர்களோடு ஒரு கூட்டம் நடக்கும். கோப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "நான் யார் மேல கண் வைக்கணும்?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. 25 பேர் வரப்போகும் பயம். நான் வகுப்புப் பட்டியலை எடுத்து அகர வரிசையில் ஆரம்பிப்பேன், ஆளுக்கு ஒரு வரி. கட்டடக்காரன் போகவிருந்த வருடம் வந்த டீச்சருக்கு நேரமில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டடக்காரன் பெயர் வந்தபோது, "இவனைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். என்ன கேள்விப்பட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள், பெரிய கட்டைகள் நிறைய வேண்டும், நாய்க்குப் பயப்படுவான் என்றேன். நாய் என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். பத்து நிமிடத்தையும் எழுதச் சொன்னேன்.